மத்தியானத்துக்கு மேல் வெடிக்கும் வண்டி

பல் டாக்டரின் கார் முதல்முறை வெடித்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் சின்னவர்தான். இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டுச் சேர்த்த பழைய கார்புரேட்டர் வண்டி அது. காலையில் ஸ்டார்ட் செய்தபோது தையல் மெஷின் மாதிரி ஓடியது. சாயங்காலம் டாக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருமுனை திரும்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். டாக்டர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். எதிரே மருந்துக்கடையில் நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்னங்க, யாராவது சுடுறாங்களா?” என்றார் டாக்டர்.

“இருமுது. புது இன்ஜின் பாருங்க, தொண்டை கரகரங்குது” என்று சின்னவர் சமாளித்தார்.

“நானும் பேஷண்ட்டுகிட்ட இப்படித்தான் சொல்லுவேன், வலிக்கவே வலிக்காதுன்னு.”

சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார்கள். ஆனால் சின்னவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. சத்தம் பின்னால் சைலன்சரில் வந்திருந்தால் அது வேறு கதை. இது முன்னால், கார்புரேட்டரின் வாய் வழியாக வந்தது. இன்ஜினுக்குள்ளே எரிய வேண்டிய தீ, வந்த வழியே திரும்பி வெளியே எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம்.

சின்னவர் என்றால் ஏதோ வாலிபப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பது தாண்டி, தலை பஞ்சாய் வெளுத்த மனிதர். அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். அந்தத் தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. ஷெட் அவர்கள் அப்பா வைத்தது. வேலையை அப்பாவே பிரித்துக் கொடுத்திருந்தார். இன்ஜினின் ஹெட், வால்வு, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பெரியவனுக்கு. வெளியே தொங்குகிற கார்புரேட்டர், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் சின்னவனுக்கு. ஒருவன் பாகத்தில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது. வைத்தால் தப்பு எங்கே நடந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது அப்பாவின் கணக்கு. அவர் போய் எத்தனையோ வருஷமாகியும் இரண்டு பேரும் அதை மீறியதே இல்லை.

கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று சொல்லியே சின்னவர் காலத்தை ஓட்டிவிட்டார். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. ஷெட்டுக்குப் பின்னாலுள்ள ஓர் அறைதான் வீடு. ஒரு கட்டில், ஒரு தகரப்பெட்டி, ஒரு ரேடியோ. சாப்பாடு அண்ணி வீட்டிலிருந்து கேரியரில் வரும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி அவர் கேட்கிற அழகைப் பார்த்தால் பக்கத்தில் நிற்பவர்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். “உங்க தம்பி என்ன, வண்டிக்கு ஜோசியமா பாக்குறாரு?” என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்தால், பெரியவர், “அவன் கேட்டுட்டா சரியாத்தான் இருக்கும்” என்பார். அவ்வளவுதான் அண்ணன் தம்பி பாசம். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச வராது.

எந்த ஷெட்டிலும் வண்டி இப்படி வெடித்தால் முதலில் நடப்பது விரல் நீட்டுவதுதான். என் பக்கம் சுத்தம், உன் பக்கத்தைப் பார் என்பார்கள். சின்னவர் மட்டும் நேர்மாறாக, கடவுளே, இது என் தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

காரணம் இருந்தது. கொஞ்ச நாளாகவே அண்ணனுக்கு மறதி. கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறார், சாப்பிட்ட கை ஈரம் காயவில்லை, “இன்னும் சாப்பாடு போடலையா” என்கிறார் என்று அண்ணி கேரியரை நீட்டும்போதெல்லாம் கண்கலங்குவாள். வேறு ஊரில் அடுக்குமாடியில் இருக்கிற மகனிடமும் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு தடவை ஏதாவது தப்பு நடந்தால் ஷெட்டைப் பூட்டிவிட்டு அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவதாக மகன் சொல்லியிருந்தான்.

“அவங்கப்பாவுக்கு ஆரம்பிச்ச மாதிரியே இருக்கு, தம்பி. நீங்க கொஞ்சம் கவனிச்சுக்கங்க” என்றாள் அண்ணி.

அப்பாவுக்கு ஆரம்பித்தது எப்படி என்று சின்னவருக்கு நன்றாகத் தெரியும். முடிந்தது எப்படி என்றும் தெரியும். நாள் முழுக்கக் கதவைப் பூட்டி வைக்கிற ஓர் இல்லத்தில், உள்ளேயிருந்து கதவைத் தட்டித் தட்டியே அவர் போய்ச் சேர்ந்தார். அண்ணன் போய்விட்டால் தனக்கு இந்த உலகத்தில் ஈ காக்கை கிடையாது என்பதும் தெரியும். அதனால்தான் தப்பைத் தன் பக்கத்திலேயே சல்லடை போட்டுத் தேடினார்.

பிளக் ஒயர்கள் வரிசை மாறியிருக்கிறதா என்று பார்த்தார். மாறவில்லை. டைமிங்கைப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. கார்புரேட்டரின் அடியில் காற்றுத் திருட்டு இருக்கும் என்று நம்பி, ஓடுகிற இன்ஜினின் மூட்டுகளில் பிரஷ்ஷால் பெட்ரோல் தடவிப் பார்த்தார். கசிவு இருந்தால் அந்த இடத்தில் இன்ஜின் குரல் மாறும். ஒரு சுருதி கூட மாறவில்லை. கார்புரேட்டரை முழுசாகப் பிரித்து, கண்ணுக்கே தெரியாத துளைகளையெல்லாம் ஊதிச் சுத்தம் செய்து மாட்டினார். வண்டி பச்சைக்குழந்தை மாதிரி ஓடும். நன்றாகச் சூடேறியதும் டப் என்று ஒன்று வைக்கும். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஓரிரு நாள் எல்லா நேரமும் வெடித்துக்கொண்டிருந்த வண்டி, அப்புறம் மத்தியானத்துக்கு மேல் மட்டும் வெடிக்க ஆரம்பித்தது. காலையில் எவ்வளவு தூரம் ஓட்டி எவ்வளவு சூடாக்கினாலும் மூச்சு விடாது. சாப்பாட்டு நேரம் கழிந்து எடுத்தால் வெடிக்கும். இரும்புக்குப் பொழுது தெரியுமா என்ன? நாற்பது வருஷத்தில் இப்படியொரு வண்டியைச் சின்னவர் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, சின்னவர் சூட்டோடு சூடாகப் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். கேஜின் முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறவில்லை. அழுத்தம் எங்கோ நழுவுகிறது. அப்படியென்றால் வால்வு சரியாக மூடவில்லை. வால்வு அண்ணனுடைய பாகம்.

பிறகு இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, இன்ஜினின் மேல்மூடியைத் தானே கழற்றினார். வால்வின் தலைக்கும் அதைத் தட்டி இறக்கும் கைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று விடுவார்கள். சூட்டில் இரும்பு நீளும்போது அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் வால்வு முழுசாக மூடாமல் திறந்தபடியே நிற்கும். தீ அந்தச் சந்து வழியாகத் திரும்பும். இந்த இடைவெளிக்கு வைக்க வேண்டிய தகட்டைச் சின்னவர் நுழைத்துப் பார்த்தார். ஒன்றில்கூட நுழையவில்லை. அப்போதுதான், மூடியின் பக்கத்தில், துணிமேல் ஒரு சவர பிளேடு கிடப்பதைப் பார்த்தார். எடுத்து நுழைத்தார். எல்லா வால்விலும் கச்சிதமாக நுழைந்தது.

சின்னவர் பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளேடு வைத்து இடைவெளி பார்ப்பது அப்பாவின் பழக்கம். அவர் வாலிபத்தில் ஓட்டிய லாரி இன்ஜினுக்கு அந்த இடைவெளி போதும். மூளை கலங்கிய கடைசிக் காலத்தில் மற்ற வண்டிகளெல்லாம் மறந்து, அந்த லாரி மட்டும் நினைவில் நின்றது. கைக்குக் கிடைத்த வண்டியையெல்லாம் பிளேடு இடைவெளிக்கு இறுக்கினார். ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டு திரும்பி வந்தன. அப்பா வாங்குகிற இந்தப் பச்சை உறை பிளேடு கடைகளில் வருவது நின்றுபோய் எவ்வளவோ காலமாயிற்று. ஆனால் கையிலிருந்தது துரு ஒரு புள்ளி இல்லாமல், இன்று காலை பிரித்தது மாதிரி பளபளத்தது.

எல்லா வால்வையும் சரியான இடைவெளிக்குத் தளர்த்தி வைத்தார். மறுநாள் அண்ணனிடம், “கார்புரேட்டர்ல தூசிண்ணே. என் தப்புதான்” என்று சொன்னார்.

பெரியவர் தம்பியின் முகத்தையே பார்த்தார். பிறகு, “உன் தப்புன்னு யாரு கேட்டா? நீ மத்தியானம் கொஞ்சம் தூங்கு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு” என்றார்.

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போனதும் சின்னவர் காரின் பின்சீட்டில் சாய்ந்தார். எழுந்தபோது ஷெட்டில் ஏதோ மாறியிருந்தது. அப்பா உட்காருகிற முக்காலி மூலையில்தான் எப்போதும் கிடக்கும். இப்போது அது காரின் பக்கத்தில் இருந்தது. கைவிளக்கின் பல்பைத் தொட்டார். சுட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையில் டப்.

திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்க்கக் கையே வரவில்லை. பார்த்தார். பிளேடு இடைவெளி.

அண்ணன்தான் வந்திருக்க வேண்டும், தான் தூங்கும்போது பூனை மாதிரி வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தார். அதையும் உறுதிப்படுத்திக்கொள்ள, மறுநாள் கேரியரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அண்ணியிடம் பேச்சுக் கொடுத்தார்.

“அண்ணன் மத்தியானத்துல எங்கயாவது வெளிய வர்றாரா?”

“அதெல்லாம் இல்ல தம்பி. சாப்பிட்ட கையோட படுத்துடுவாரு. பக்கத்துல நான்தானே படுத்திருக்கேன். குறட்டையில வீடே அதிரும்.”

அதைக் கேட்டு ஆறுதல்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணன் இல்லையென்றால் யார்? அந்தத் தெரு மத்தியானத்தில் வெறிச்சோடிப் போகும். மருந்துக்கடைக்காரர்கூடப் பாதிக் கதவைச் சாத்திவிடுவார். ஷெட்டின் தகரக்கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு படபடவென்று விரல் சொடுக்குகிற மாதிரி சத்தம் போடும். அந்த நேரத்தில் யார் உள்ளே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொறுமையாக வால்வு வால்வாக இறுக்கிவிட்டுப் போகிறார்கள்? சின்னவருக்கு அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. அந்தப் பதிலை நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் காலை பெரியவர் மேல்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நிற்பதைச் சின்னவர் பார்த்தார். டீக்கடையிலிருந்து தம்பி அதற்குள் திரும்பியதைப் பெரியவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

“என்னண்ணே பண்ற?”

“ஒண்ணுமில்ல. அப்பா கை வெச்ச மாதிரியே இருக்கு, பாத்தியா?” என்றார் பெரியவர். சொல்லிவிட்டுத் தம்பியின் கண்ணையே கவனித்தார்.

சின்னவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. அப்பா வருகிறார் என்று அவரும் நினைக்கிறார். இல்லையென்றால், மூளை கலங்கி அப்படிப் பேசுகிறாரா? இரண்டில் எது நிஜமானாலும் தாங்கிக்கொள்ள முடியாது என்று பட்டது.

அன்று மத்தியானம் ஒரு முடிவோடு ஷட்டரை உள்ளேயிருந்து இழுத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தன் அறைப் பக்கம் வெறுமனே சாத்தியிருந்த பின்கதவு நினைவுக்கு வரவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை, சாப்பிட்டால் தூக்கம் வரும். பின்சீட்டில் படுக்கவும் இல்லை. முக்காலியைச் சுவரோரம் போட்டு, காரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கண்ணை மூடுவதில்லை என்று சத்தியமே செய்துகொண்டார். தகரம் சொடுக்கியது. எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. இன்ஜின் ஆறும்போது வருகிற ‘டிக் டிக்’ கேட்டது. பிறகு சவர சோப்பின் வாசனை வந்தது. பக்கத்தில் யாரோ குனிகிற மாதிரி ஒரு சூடு.

“முடிஞ்சுதா?”

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்.”

“ரொம்ப இறுக்காதே. பிளேடு வழுக்கிட்டுப் போவணும், கீறிட்டுப் போகக் கூடாது.”

“தெரியும்ப்பா.”

அப்போது ஒரு கை வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. சதையும் எலும்பும் உள்ள கை. க்ரீஸ் படிந்த நகங்கள்.

“போதும்டா. கீழ வை” என்றார் பெரியவர்.

சின்னவர் கண்ணைத் திறந்தார் என்று சொல்ல முடியாது; கண் திறந்துதான் இருந்தது. காரின் பக்கத்தில், முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்ஜினின் மூடி தரையில் இருந்தது. வலக்கையில் ஸ்பேனர். இடக்கையில் பிளேடு. பின்கதவு திறந்து, வெயில் ஒரு பாளமாக உள்ளே விழுந்திருந்தது. கடைசி வால்வு மட்டும் இன்னும் இறுக்கப்படாமல் இருந்தது.

“அண்ணே, இது யாரு…”

“நீதான்.”

சின்னவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“எத்தனை நாளா?”

“இந்த வண்டி ஓட ஆரம்பிச்சதுலேந்து. மறந்துட்டுப் போன ஒரு சாமானை எடுக்க ஒரு நாள் மத்தியானம் வந்தேன். நீ இப்படியே உக்காந்திருந்த. கண்ணு திறந்திருக்கு, ஆனா நான் நிக்கிறது தெரியல. அப்புறம் தினமும் உங்கண்ணி கண்ணசந்ததும் எழுந்து வந்து பின்வாசல்ல நிப்பேன். நீ இறுக்குவ. காலையில நீ டீ குடிக்கப் போனதும் நான் தளர்த்துவேன். நீ வேற நடுவுல ஒரு நாள் தளர்த்திட்டு, என் தப்புன்னு வந்து நிக்கிற.” பெரியவர் பெருமூச்சு விட்டார். “அப்பாவோட பிளேடெல்லாம் உன் தகரப்பெட்டியிலதான் இருக்கு. எண்ணெய்த் துணியில சுத்தி நீதான் பத்திரமா வெச்சிருக்க.”

“நான் யார்கிட்டயோ பேசினேன்.”

“ஆமா. தினமும் பேசுவ. ஒரு வார்த்தை பேசிட்டு நிறுத்துவ. அந்தப் பக்கத்துலேந்து ஒருத்தர் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு நேரம் விட்டு, அப்புறம் பேசுவ.” பெரியவரின் குரல் இறங்கியது. “எனக்கே பயமா இருக்கும்டா. முதல் நாள் நானும் சுத்திமுத்திப் பாத்தேன்.”

சின்னவர் அழவில்லை. தன் தப்பாக இருக்கட்டும் என்று அத்தனை நாள் வேண்டிக்கொண்டதை நினைத்தார். கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

“அப்போ நீ? கண்ணாடி, சாப்பாடு, அண்ணி சொன்னதெல்லாம்?”

“எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்.” பெரியவர் முக்காலிக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “யோசிச்சுப் பாரு. எனக்குன்னா பையன் கூட்டிட்டுப் போவான். பெத்த அப்பனாச்சே. சித்தப்பாவுக்குன்னா? நல்ல பையன்தான், இருந்தாலும் அந்தச் சின்ன வீட்டுல எத்தனை பேரை வெச்சுக்குவான்? அதுக்குன்னு இருக்கிற இடத்துல விட்டுடலாம்பான். அப்பாவை விட்ட மாதிரி. அந்தக் கதவை நாம ரெண்டு பேரும்தானே பாத்தோம்.”

சின்னவர் திறந்திருந்த பின்கதவையே பார்த்தார்.

“அதனால, இந்த வண்டி வர்றதுக்கு முன்னாடியே, உனக்கு மறதி ஆரம்பிச்சதைக் கண்டதும், அது எனக்குன்னு ஆக்கிட்டேன். நான் போறதா இருந்தா தம்பி கூட வரணும், அவன்தான் என் பக்கத்துலேயே இருந்து பாத்துக்குவான்னு பையன்கிட்ட அழுது வெச்சிருக்கேன். அவனும் சரின்னுட்டான். நோயாளியா உன்னை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்கடா. என்னைப் பாத்துக்கற ஆளா வந்தா, உனக்கும் அங்க ஒரு பாய் விரிப்பாங்க.”

“அண்ணிக்குக் கூடவா சொல்லல?”

“அவளுக்குத் தெரிஞ்சா அழுகை நிஜமா வராது” என்றார் பெரியவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. அண்ணிதான். தூக்கத்திலிருந்து எழுந்து, பக்கத்தில் ஆளைக் காணாமல், கலைந்த தலையோடு ஓடி வந்திருந்தாள். கையில் போன். போனில் மகன் “அம்மா, கெடச்சாரா? அம்மா?” என்று கத்திக்கொண்டிருந்தான். பின்கதவில் அவள் நிழல் விழுவதற்குள், பெரியவர் தம்பியின் கையிலிருந்த பிளேடை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஸ்பேனரையும் பொறுக்கிக்கொண்டார்.

“இங்கயா இருக்கீங்க? எப்போ எழுந்து வந்தீங்க?” அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். திறந்து கிடந்த இன்ஜினைப் பார்த்தாள். கணவனின் கையிலிருந்த பிளேடைப் பார்த்தாள். மாமனார் கையில் அதை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். அவள் முகம் அப்படியே வாடிப்போனது. “இது டாக்டர் வண்டியாச்சே. இதை ஏன் மறுபடியும் பிரிச்சீங்க?”

பெரியவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்த மனிதர் எங்கே போனார் என்று சின்னவருக்கே திகிலாக இருந்தது.

“எந்த வண்டி?” என்றார் பெரியவர்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். போனில் மகன், “சித்தப்பா பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடு” என்றான். அவள் போனைச் சின்னவரிடம் நீட்டினாள்.

சின்னவர் அதை வாங்கிக் காதில் வைத்தார். இன்னொரு கையால் அண்ணனின் தோளைப் பிடித்துத் தரையிலிருந்து எழுப்பினார்.

“நான் கூடவே இருக்கேன்ப்பா” என்றார். “நான் பாத்துக்கறேன்.”